ஈரத்தின் மேல் போட்ட ஒட்டு

ஓட்டை என்று எதைக் கண்டாலும் கண்ணையனுக்குக் கை சும்மா இருக்காது. கருக்களாச்சேரிக் கரையில் மீன்பிடிக்கிற ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர் அவர். முப்பது வருஷமாக அதே வேலை. விரிசலைத் தேய்த்து, காயவைத்து, ஃபைபர் துணியை விரித்து, ரெசின் பசையை இழுத்துப் பூசிவிட்டால் அந்த இடம் புதுப் போட்டை விடக் கெட்டியாக நிற்கும் என்று பேர். அந்தக் கையோடுதான் வீட்டிலும் இருப்பார். குடம் ஒழுகுகிறதா, ஒட்டு. கூரையில் கீறலா, ஒட்டு. ஒருமுறை மனைவி அமிர்தத்தின் பிய்ந்துபோன செருப்புக்கும் ரெசின் ஊற்றிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று தெருவே எட்டிப் பார்க்கும்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டு வாசலில் நிற்கும் புன்னை மரத்துக்கும் ஒட்டுப் போட்டார். இப்போது அந்த மரம் சாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து அடியோடு வெட்டப்போகிறார்கள். இன்றைக்குப் புதன்.

வெட்டினால் வெட்டிவிட்டுப் போகட்டும், ஊரில் மரமா இல்லை என்று கேட்கலாம். கண்ணையன் வீட்டில் அப்படிக் கேட்டுவிட முடியாது. கடலில் இருந்து திரும்பும்போது ஊரில் முதலில் கண்ணுக்குத் தெரிவது அந்தப் புன்னைதான். அதில் கடல் பக்கமாக நீண்டு விரிந்த பெரிய கொம்பு ஒன்று உண்டு. அந்தக் கொம்பும் பின்னால் இருக்கிற செல்போன் டவரும் ஒரே கோட்டில் வந்துவிட்டால், போட்டை நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வரலாம், ஊர்க்கரையில் வந்து நிற்கும். இப்போது எல்லார் கையிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. மரத்தை யார் பார்க்கிறார்கள்?

அமிர்தம் பார்க்கிறாள். நாலு வருஷமாகத் தினமும் சாயங்காலம் அந்தக் கொம்புக்கு அடியில் கடலைப் பார்த்து உட்காருகிறாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, அவர்களுடைய ஒரே மகன் அன்பழகன் கடலுக்குப் போனான். அவனோடு போன இரண்டு பேர் டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்ததை வேற்றூர்ப் போட்டு ஒன்று பார்த்துத் தூக்கி வந்தது. "போட்டுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, எங்கேருந்து ஏறுச்சுன்னே தெரியல" என்று அவர்கள் நடுங்கிக்கொண்டே சொன்னார்கள். அன்பழகனும் கிடைக்கவில்லை, போட்டும் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து, கடலில் பாலை ஊற்றிக் கருமாதியை முடித்துவிடலாம் என்று பேச்செடுத்தபோது அமிர்தம் எழுந்து வாசலில் நின்றாள். "எம்புள்ள வருவான். இந்த மரத்தப் பாத்துக்கிட்டு வருவான். பாலும் வேணாம் ஒண்ணும் வேணாம், எந்திரிச்சுப் போங்க" என்றாள். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை.

ஆனால் ஊருக்குத் தெரியாத ஒரு விஷயம் கண்ணையனுக்குத் தெரியும். அந்தப் போட்டின் அடியில் ஒரு விரிசல் இருந்தது. அவர்தான் ஒட்டுப் போட்டார். நல்ல மழைக்காலம். கீற்றுக் கொட்டகைக்குள் போட்டைக் கவிழ்த்துப் போட்டு டேபிள் ஃபேனை வைத்துக் காயவைத்தார்கள். ஈரத்தின் மேல் ஒட்டு பிடிக்காது என்பது இந்தத் தொழிலில் கைவைக்கிற அன்றைக்கே சொல்லித் தருகிற விஷயம். விரலை வைத்துப் பார்த்தார், விரிசலுக்குள் இன்னும் குளிர்ச்சி இருந்தது. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். "தீபாவளிக்கு முன்னாடி ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துடறேன்ப்பா, எல்லாரும் போறாங்க" என்று மகன் பக்கத்தில் நின்று பறந்துகொண்டிருந்தான். சரி போ என்று மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசினைப் பூசிவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஊரில் ஒருத்தன்கூட அவர் முன்னால் அந்த ஒட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வேலை மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு போட்டும் கடலுக்குப் போய்த் திரும்பும் வரை அவருக்குச் சோறு இறங்காது.

மகன் போன இரண்டாம் வருஷம் கார்த்திகையில் புயலடித்தது. புன்னையில் மூன்று கிளைகள் முறிந்து தொங்கின. இரண்டு தெருப்பக்கம், ஒன்று அந்தக் கடல் பக்கத்துக் கொம்பின் மேலேயே. அமிர்தம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கண்ணையன் ரம்பத்தோடு ஏறினார்.

முறிந்ததை அறுத்தார். அறுத்த இடத்தில் கிளை பிறக்கிற பக்கம் லேசாக வீங்கினாற்போல் ஒரு மேடு இருந்தது. போட்டில் அப்படி ஒரு மேட்டை எந்தத் தொழில்காரன் விட்டுவைப்பான்? கிரைண்டரைக் கொண்டுபோய் அடித்துத் தேய்த்து, தடவினால் கை வழுக்குகிற மாதிரி ஆக்கினார். பிறகு நினைத்துக்கொண்டார்: இந்தத் தடவை ஈரத்தை மிச்சம் வைக்க மாட்டேன். மரத்தோடு ஃபேனைக் கட்டி இரண்டு நாள் காயவைத்தார். அதுவும் போதாதென்று நெருப்புக் குழாயைக் காட்டிச் சூடேற்றினார். தெருவில் போனவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். காரைக்கால் ஹார்டுவேர் கடையில் வாங்கிய கறுப்பு ரப்பர் ஸ்ப்ரேயை, ஒழுகும் தண்ணீர்த் தொட்டிக்கும் போட்டுக்கும் அடிக்கிறார்களே அதே டப்பாவை, குலுக்கிக் குலுக்கி மூன்று பூச்சு அடித்தார். மூன்று வெட்டும் தார் ரோடு மாதிரி பளபளத்தன. அமிர்தம் கீழே நின்று, "இனிமே தண்ணி எறங்காதுல்ல?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு எறங்காது" என்றார் கண்ணையன். நாலு வருஷத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கினது அந்த ஒரு ராத்திரிதான்.

ஒரு மாதத்தில் பூச்சின் மேல் கொப்புளம் வந்தது. உடைத்துப் பார்க்காமல் அதற்கு மேலேயே அடித்தார். ஓரத்தில் மஞ்சள் பால் கசிந்தது, அதற்கும் அடித்தார். கறுப்பாக ஒழுகியது, அதற்கும் அடித்தார். மரம் எங்கெல்லாம் வாயைத் திறந்ததோ அங்கெல்லாம் இவர் அடைத்தார். இரண்டு மழைக்காலம் போவதற்குள் எத்தனை டப்பா காலியானதோ தெரியாது. இந்தச் சித்திரையில் கடல் பக்கத்துக் கொம்பில் இலை பழுக்க ஆரம்பித்தது. போன வாரம், உச்சி வெயிலில், காற்றே இல்லாதபோது, தொடைப் பருமனில் ஒரு கிளை மடாரென்று விழுந்து மீன் விற்கும் குஞ்சம்மாவின் ஐஸ் பெட்டியை நொறுக்கியது. குஞ்சம்மா அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தாள். இல்லையென்றால் அவளும் நொறுங்கியிருப்பாள்.

அதற்குப் பிறகு கொம்யூனில் சும்மா இருப்பார்களா? வெள்ளிக்கிழமை வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. கண்ணையன் மூன்று நாள் ஆபீஸ் வாசலிலேயே கிடந்தார். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகக் கும்பிட்டார். கடைசியில் ஒருவர் மனமிரங்கி, வேளாண்மைத் துறையில் இருந்து ஒருவர் வந்து பார்த்து, மரம் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார். அந்த அதிகாரிதான் இந்தப் புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பெயர் எழில்மதி. திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். சின்னச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினாள், கெட்டியாகச் சத்தம் வந்தது. ஏணி வைத்து ஏறிக் கடல் பக்கத்துக் கொம்பைத் தட்டினாள். வெறும் குடத்தைத் தட்டினாற்போல் கேட்டது. கறுப்புப் பூச்சைக் கத்தி முனையால் நெம்பினாள். அது தோலாக உரிந்து வர, உள்ளிருந்து அழுகிய தண்ணீர் கொழகொழவென்று வழிந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணையனின் தோளில் கொட்டியது. அழுகின மீன் வாடைக்கு அசையாத மனிதருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"யாருங்கய்யா இதைப் பூசுனது?"

"நாந்தாம்மா. தண்ணி எறங்கக் கூடாதுன்னுதான். நல்லாக் காயவச்சு, சூடுகாட்டி, அப்புறந்தான் அடிச்சேன். ஈரம் இல்லம்மா, சத்தியமா ஈரம் இல்ல."

எழில்மதி இறங்கி வந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிப்போனது. "வெளியில காயவச்சீங்க சரி. மரத்துக்கு ஈரம் உள்ளேருந்துல்ல வருது, வேர்லேருந்து. அது உசிரோட இருக்கறதே அந்த ஈரத்துலதான். நீங்க வாய அடச்சுட்டீங்க. உள்ளேயே கெடந்து புழுங்கி அழுகிடுச்சு."

"போட்டுக்கு இப்படித்தானேம்மா..."

"போட்டு உசிரில்லாததுங்கய்யா. இது அப்படியா? கிளை வெட்டுன எடத்துல ஒரு மேடு இருக்கும் பாருங்க, அதத் தேச்சு எடுத்துட்டீங்க. அந்த மேட்டுலேருந்துதான் பட்டை வளந்து, சுத்திலும் உருண்டு வந்து, தானா மூடிக்கும். நாம ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா விட்டிருந்தாலே போதும்."

சும்மா விட்டிருந்தாலே போதும். கண்ணையன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு நாள் சும்மா விட்டிருந்தால் அந்த விரிசலும் காய்ந்திருக்கும். அங்கே சும்மா விடாமல் கெடுத்தார், இங்கேயும் சும்மா விடாமல் கெடுத்தார். தொட்டதையெல்லாம் கொல்லுகிற கை என்று தன் கையைப் பார்த்துக்கொண்டார். அதில் கறுப்பு ரப்பர் நகக்கண் வரை ஏறியிருந்தது.

எழில்மதி யோசித்துத்தான் எழுதினாள். தெருப்பக்கத்து இரண்டு வெட்டிலும் பூச்சை உரித்துக் காற்றாட விட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும். அடிமரத்துக்கு அழுகல் இன்னும் இறங்கவில்லை. ஆனால் கடல் பக்கத்துக் கொம்பு போயே ஆக வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமையே. விட்டால் அழுகல் அடிமரத்துக்கு இறங்கும், அல்லது அதற்கு முன்னால் யார் தலையிலாவது விழும்.

"அந்த ஒண்ண மட்டும் விட்டுடும்மா" என்று கண்ணையன் அவள் ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "மத்ததையெல்லாம் வேணாலும் எடுத்துக்கங்க. கடல்லேருந்து தெரியறது அது ஒண்ணுதாம்மா. எம்பொண்டாட்டி அத வச்சுத்தான் உசிரோட இருக்கா." எழில்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னால முடியாதுங்கய்யா, மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை முழுவதும் கண்ணையன் உளியோடு மரத்தில் தொங்கினார். தெருப்பக்கத்து வெட்டுகளில் பூச்சை உரித்தார். பிறகு கடல் பக்கத்துக் கொம்புக்குப் போய் அழுகலைச் சுரண்டினார். கெட்டி மரம் தட்டுப்படும், தட்டுப்படும் என்று சுரண்டச் சுரண்டக் கறுப்புத் தூள்தான் வந்தது. முழங்கை வரை உள்ளே போயிற்று. அமிர்தம் சோற்றை எடுத்து வந்து இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அன்று சாயங்காலம் அவள் மரத்தடியில் உட்காரவில்லை, வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மரம் அறுக்கும் காத்தமுத்து மெஷினோடு வந்தபோது கண்ணையன் அந்தக் கொம்பின் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூடாகிப்போன கொம்பு. அறுபத்திரண்டு வயது மனிதர். தன்னைக் கயிற்றால் கொம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னண்ணே இது வெளயாட்டு? எறங்குண்ணே, முறியப்போவுது" என்றான் காத்தமுத்து.

"அறுக்கறதா இருந்தா என்னையும் சேத்து அறுத்துட்டுப் போடா."

கூட்டம் கூடிவிட்டது. குஞ்சம்மா ஒரு பக்கம் வாயில் அடித்துக்கொண்டாள். இளவட்டங்கள் இரண்டு பேர் ஏணியைச் சாத்த, அவர் காலால் அதை உதைத்துத் தள்ளினார். தள்ளின வேகத்தில் கொம்பு முனகியது. கீழே எல்லோரும் ஒரே குரலாக ஐயோ என்றார்கள். அமிர்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சரியாக அந்தக் கொம்புக்குக் கீழே நின்றாள்.

"தள்ளிப் போ அமிர்தம், விழுந்துடப்போவுது!"

"நீங்க எறங்குங்க, நான் தள்ளிப் போறேன்."

"இது போச்சுன்னா அவன் எதடி பாத்து வருவான்? சொல்லு, எதப் பாத்து வருவான்?" கண்ணையனுக்குக் குரல் உடைந்து கிறீச்சிட்டது.

அமிர்தம் அண்ணாந்து பார்த்தாள். "அவன் வர மாட்டான்ங்க" என்றாள்.

காத்தமுத்து மெஷினைக் கீழே வைத்தான்.

"அவன் வர மாட்டான். எனக்கு அன்னிக்கே தெரியும். டீசல் கேனோட வந்தாங்களே ரெண்டு பேரு, அவுங்க முகத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

"பொறவு ஏன்டி நாலு வருஷமா இந்த அடியில வந்து உக்காந்த?"

"உங்களுக்காகத்தாங்க. புள்ள செத்துட்டான்னு நான் அழுதா, எப்புடிச் செத்தான்னு ஊரு கேக்கும். கேட்டா, போட்டுல தண்ணி எங்கேருந்து ஏறுச்சுன்னு பேச்சு வரும். அது கடைசில உங்க ஒட்டுல வந்து நிக்கும். அதத் தாங்குவீங்களா நீங்க? அவன் வருவான்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கற வரைக்கும் யாரும் உங்கள ஒண்ணும் கேக்க முடியாதுல்ல?"

கண்ணையன் கொம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் இந்த மரத்தை அவர் காப்பாற்றப் பார்த்தது அவளுக்காக. இந்த மரத்தடியில் அவள் உட்கார்ந்தது அவருக்காக. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வைத்திருந்தார்கள்.

"ஈரம் காயல அமிர்தம்" என்றார், ஊரே கேட்க. "வெரல வச்சுப் பாத்தேன். குளுந்துச்சு. தெரிஞ்சே போட்டேன்."

"நானுந்தான் பாத்தேன்" என்றாள் அவள். "ஃபேன நவுத்தி வச்சது நாந்தானே? நானும் வெரல விட்டுப் பாத்தேன். ஈரமாத்தான் இருந்துச்சு. தீவாளியாச்சே, புள்ள ஆசப்படறானேன்னு நானும் வாயத் தெறக்கல. எறங்குங்க. நீங்களும் போயிட்டா நான் இத யாருகிட்டச் சொல்லி அழுவேன்?"

அவர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போய் லேசில் அவிழவில்லை. காத்தமுத்துவே ஏறிப் போய் அவிழ்த்து, அக்குளில் கை கொடுத்து இறக்கினான். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார, அவன் அறுத்தான். பத்து நிமிஷ வேலை. கொம்பு மணலில் விழுந்தபோது தூசி அடங்கும் வரை கடல் தெரியவில்லை. அடங்கினதும் பார்த்தால், கொம்பு மறைத்திருந்த இடமெல்லாம் வெறும் கடலாக இருந்தது.

மரத்தில் தாம்பாளம் அகலத்துக்குப் பச்சை வெட்டு. இந்த முறை காத்தமுத்து, எழில்மதி சொல்லியிருந்தபடி மேட்டை விட்டுவிட்டு அறுத்திருந்தான். வெட்டில் ஓரமாக மஞ்சள் பால் துளிர்த்து மெதுவாக வழிந்தது. கண்ணையனின் கை தானாகப் பக்கத்தில் துழாவி ஸ்ப்ரே டப்பாவை எடுத்தது. குலுக்கவும் செய்தார், உள்ளே குண்டு கடகடவென்றது. பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து கையை நிறுத்தினார். அமிர்தம் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மேல எதாச்சும் பூசணுமாண்ணே?" என்று மேலிருந்து காத்தமுத்து கேட்டான்.

"வேணாம்டா. தெறந்தே கெடக்கட்டும்."

அமிர்தம் குஞ்சம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க வீட்ல பால் இருக்கா? ஒரு சொம்பு கொடுங்க, கடலுக்கு எடுத்துட்டுப் போவணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வாய் கோணிக்கொண்டது. அன்பு, என் அன்பு என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். தெருப் பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ, அழாதே, அடக்கிக்கொள் என்று அவள் வாயைப் பொத்தப் போனார்கள்.

"பொத்தாதீங்க" என்றார் கண்ணையன். "அவ அழுவட்டும்."